கத்தி வைக்காமல் கட்டி கரைய

வாம்மா மீனா. வாசல் பக்கம் வேண்டாம், தூசி பறக்கிறது. மின்விசிறிக்கு நேராக, என் பக்கத்தில் வந்து உட்கார். வாயும் வயிறுமாக இருக்கிறவள் இந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறாய். முதலில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள். அய்யாவு கடையில் இஞ்சி டீ சொல்லியிருக்கிறேன். உனக்கு இப்போது டீ ஒத்துக்கொள்ளாது என்றால் பார்லித் தண்ணீர் வாங்கி வரச் சொல்கிறேன்.

நீ கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும். முழுசாகக் கேட்டால்தான் ஒவ்வொன்றும் எவ்வளவு இயல்பாக நடந்தது என்று உனக்குப் புரியும். கதை மாதிரியே சொல்கிறேன். சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது கதை கேட்பாய் இல்லையா, அந்த மாதிரி கேள்.

உன் அம்மா கனகேஸ்வரி டீச்சருக்கு மார்பில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதியில் அவர் அங்கே போகாமல் இங்கே வந்தார். அதற்கு முன்னால் நீ உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையோ தட்டித் தேடினாய், என் தைலக் கடை மேலே வந்து நின்றது. அத்தனை ஆஸ்பத்திரி, அத்தனை டாக்டர் இருக்கும்போது என் கடை ஏன் வந்தது? அதுதானே கேட்டாய். நல்ல கேள்வி. இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

முதலில் ஒன்று. என் எண்ணெய் நல்ல எண்ணெய். நொச்சி, வாதநாராயணன் இலை, பூண்டு, கற்பூரம், செக்கு நல்லெண்ணெய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே காய்ச்சிக் காய்ச்சிக் கற்றுக்கொண்டது. சுளுக்கு, முழங்கால் வலி, பிள்ளை பெற்ற உடம்பு, எல்லாவற்றுக்கும் கேட்கும். உனக்கும் பிரசவம் ஆனதும் ஒரு போத்தல் தருகிறேன்.

ரயில் ஸ்டேசன் கட்டுகிறோம் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தோண்டிப் போட்டார்களே, அந்த வருசம்தான் எனக்கு வியாபாரம் படுத்தது. கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால் என் சந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பள்ளத்தைச் சுற்றி, பலகையைத் தாண்டி, சேறு மிதித்து எவள் வருவாள் முழங்கால் வலிக்கு? வருவதற்குள் முழங்கால் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

மாடியில் விஜயன் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தான். நாள் முழுக்க உட்கார்ந்தே முதுகு பிடித்துப்போய், என்னிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருவான். ஒரு நாள் குப்புறப் படுத்துக்கொண்டே சொன்னான்:

"ஆன்டி, ஒரு வெப்சைட் போடுங்க. உலகமே பார்க்கும்."

"உலகம் எதுக்குடா எனக்கு? கிள்ளானும் சுங்கை வேயும் வந்தாப் போதும்."

"அதுவும் வரும் லா. ஆளுங்க தேடுற இடத்துல ஒரு வார்த்தை தட்டுவாங்க. அந்த வார்த்தை உங்க வெப்சைட் பக்கத்துல இருந்துச்சுன்னா உங்க கடை மேல வரும். கீவேர்ட்னு பேரு."

எனக்கு அந்தப் பேர் நாக்கில் நிற்கவில்லை. நான் கூப்பிடு சொல் என்று வைத்துக்கொண்டேன். கச்சாங் பூத்தே கடலை விற்கிறவர் தெருத்தெருவாய்க் கூவிக்கொண்டு வருவார், தெரியுமில்லையா? கடலை அவரிடம், குரலும் அவரிடம். இது அதற்குத் தலைகீழ். வாங்குகிறவள் வீட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கூப்பிடுகிறாள். அவள் என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறாள் என்பதை நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. ஆள் மனசைப் படிக்கிற வேலை. நான் படித்த ஒரே படிப்பு.

ஆனால் முதல் தடவை அவன்தான் வார்த்தை தேர்ந்தெடுத்தான். மூலிகை எண்ணெய், பிரிக்பீல்ட்ஸ், அப்புறம் மசாஜ். எல்லாம் இங்கிலீஷில். சீக்கிரமே போன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் ஆம்பிளைகள். "எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று கேட்பார்கள், குரலைத் தாழ்த்தி. ஒருத்தன் சுங்கை வேயிலிருந்து நேரிலேயே வந்துவிட்டான். தலைக்கு எண்ணெய், சட்டைக்கு செண்டு. அய்யாவுதான் டீக்கடையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னான்:

"பவுனக்கா! உங்க கஸ்டமர் மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறாரு. ஆரத்தி எடுக்கணும்னா தட்டு தரேன் லா."

வந்தவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கரண்டியும் கையுமாக நான் நின்றேன்.

"வேற... வேற ஆளு யாரும் இல்லையா?"

"நான் ஒருத்திதான் தம்பி. சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க. எங்க சுளுக்கு?"

அவன் போன வேகத்தைப் பார்த்தால் சுளுக்கு எங்கேயும் இருந்த மாதிரி தெரியவில்லை. அய்யாவு ஒரு மாதம் அதைச் சொல்லியே டீ ஆற்றினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேறு யோசித்தேன். ஒரே ஒரு வார்த்தை, சுங்கை வேயில் இருந்த ஒருவனைக் குளிக்க வைத்து, செண்டு பூச வைத்து, பஸ் ஏற்றி, சேற்றைத் தாண்டி என் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. முழங்கால் வலிக்கு வராத ஆள் அதற்கு வந்திருக்கிறான். அப்படியென்றால் நம்மிடம் இருப்பதை எழுதக் கூடாது. அவர்கள் மனசில் இருப்பதை எழுத வேண்டும். எது இருந்தால் சேறும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாதோ, அதை.

அப்போதுதான் எனக்குக் கட்டி என்று தோன்றியது. ஏன் அது தோன்றியது என்று பிறகு சொல்கிறேன்.

கடைக்கு வருகிற பொம்பளைகள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். கிட்ட வந்து, அய்யாவு பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு மாதிரி இருக்குக்கா" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு வராது. டாக்டரிடம் அதுவும் வராது. ஆனால் விரலுக்கு வெட்கம் கிடையாது, மீனா. யாரும் இல்லாத அறையில் விரல் எதையும் தட்டும். டாக்டர்கள் போட்ட வெப்சைட்டில் எல்லாம் பெரிய இங்கிலீஷ், வாயில் நுழையாத வியாதிப் பேர். நம்ம பொம்பளை அதைத் தட்டமாட்டாள். மனசுக்குள் சொல்லிக்கொள்வதைத்தான் தட்டுவாள், தமிழ்ப் பேச்சை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில். மார்புக் கட்டி. கட்டி கரைய. கத்தி வைக்காமல். அதை யாருமே எழுதி வைக்கவில்லை. அந்த இடம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

விஜயன் தயங்கினான். "ஆன்டி, நம்ம எண்ணெய் கட்டியைக் கரைக்குமா?"

"கரைக்கும்னு நான் எங்கடா சொன்னேன்? அந்த வார்த்தையைப் போடுன்னுதான் சொன்னேன்."

"போட்டாப் படிக்கிறவங்க கரைக்கும்னுதானே நினைப்பாங்க?"

"அப்ப படிக்கிற மாதிரி போடாதே."

அதற்கும் ஒரு வழி இருந்தது. வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்து. ஆள் கண்ணுக்குத் தெரியாது, தேடுகிற எந்திரத்துக்கு மட்டும் தெரியும். அதைச் சொன்னவன் அவன்தான், நியாயமாகச் சொல்ல வேண்டுமில்லையா? "உங்களுக்கும் எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும் ஆன்டி" என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தான். ஆக, என் பக்கத்தில் ஒருவர் படிக்கக்கூடிய பொய் ஒன்றுகூட இருந்ததில்லை. கட்டி என்ற சொல்லே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கிடையாது. நீயே அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தாயே, இருந்ததா?

அந்தச் சொல்லுக்கு முதலில் வந்தவள் பண்டமாரான் ஊர் சீதாலெட்சுமி. அவள் புருசன் பழனியப்பன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தாராம். நல்ல பெண். சின்ன வயசு. எண்ணெய் தேய்க்கும்போது கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருப்பாள். பிறகு வருவது நின்றது. கொஞ்ச நாள் கழித்து பழனியப்பன் மட்டும் வந்து நின்றான்.

"அக்கா, சீதா போயிட்டா. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்கு எதுக்குப்பா?"

"கடைசி வரைக்கும் உங்க எண்ணெயைத்தான் நம்பினா. பயமே இல்லாம போனா, அக்கா."

எவ்வளவு பெரிய வார்த்தை பார். டாக்டருக்கு யாராவது இப்படி வந்து சொல்லியிருக்கிறார்களா? காப்பி கொடுத்தேன். பாதி எண்ணெய் மிச்சம் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டான். முழங்காலுக்குப் போடு என்றேன். போட்டான். நன்றாகக் கேட்டதாம்.

விஜயன் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"ஆன்டி, அந்த வார்த்தையை எடுத்துடுறேன்."

"ஏன்?"

"ஆளு செத்துப்போச்சு ஆன்டி!"

"எண்ணெய்லயா செத்தா? வியாதியில செத்தா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அதற்குப் பிறகு அவன் என் பக்கத்தைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். கோபமெல்லாம் இல்லை, முதுகு வலிக்கு மட்டும் வருவான். அவனும் நல்லவன்தான். எடுக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. நானே மாடிக்குப் போய் ஒற்றை விரலால் தட்டப் பழகிக்கொண்டேன். கஷ்டமில்லை. சமையலை விட லேசு.

நானே என் கையால் சேர்த்த முதல் கூப்பிடு சொல் எது தெரியுமா? யாருக்கும் தெரியாமல்.

உனக்கு இது புரியும். உங்கள் ஆட்களில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன நடக்கும்? கோவில் சனம், பள்ளிக்கூடத்துச் சனம், புருசன் கூட வேலை செய்தவர், அவருக்குப் பெண் கொடுத்தவர், எல்லாரும் திராட்சைப் பழமும் மைலோ டின்னுமாக வரிசையில் வந்து நிற்பார்கள். அன்பாகத்தான் வருவார்கள். ஆனால் எந்த வார்டு, எந்தக் கட்டில் என்பதோடு எங்கே வெட்டினார்கள் என்பதும் வெளியே போய்விடும். எங்கள் ஆட்களும் அப்படித்தான், மைலோவுக்குப் பதில் ரொட்டி. அதிலும் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே அந்தப் பொம்பளைகள் மருந்து மட்டும் தேடவில்லை, பின்வாசல் ஒன்றையும் தேடுகிறார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பவில்லை. உன் அம்மா வந்தார்.

குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். நீ அச்சடித்துக் கொடுத்தது.

"நீங்கதானே பவுனம்மாள்? இதை என்ட மகள் கந்தோரில எடுத்துத் தந்தவள்."

"உக்காருங்க டீச்சர்." டீச்சர் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. பெஞ்சில் தூசி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு வெட்டிறதுக்குப் பயமில்லை அக்கா. வாற சனத்துக்குத்தான் பயம். நான் கட்டில்ல கிடந்தா கோயில் முழுக்க வந்து நிக்கும். மீனாவுக்கு இப்பதான் பேசி முடிச்சிருக்கு. தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும் எண்டு மாப்பிளை பகுதியில ஒருத்தர் சொன்னாக் காணும், கலியாணம் நிண்டிடும்."

"கல்யாணம் எப்ப டீச்சர்?"

"தையில. டொக்டர் அதுக்கு முதல் வெட்டோணும், பிந்தக் கூடாது எண்டு நிக்கிறார். இப்ப வெட்டினா உயிருக்குப் பயமில்லையாம்."

இதை அவரே சொன்னார், மீனா. நான் மறைக்கவில்லை. இப்போது வெட்டினால் உயிருக்குப் பயமில்லை. அந்த வார்த்தையை நானும் கேட்டேன், அவரும் கேட்டார். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. இப்பிடி வந்த ஆருக்கும் சுகம் வந்ததோ?"

நான் கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது, பார்.

"எனக்கே இருந்துச்சு டீச்சர்."

"உங்களுக்கோ? இப்ப?"

"இப்ப இல்ல. போயி வருசக் கணக்காச்சு."

உன் அம்மா என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எப்படிப் போனது என்று கேட்கவில்லை. அவர் கணக்கு டீச்சர். நடுவில் ஒரு வரியை விட்டு விடையை எழுதுகிற பிள்ளைக்கு மார்க் குறைப்பேன் என்று பிறகு ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு அவரே நடு வரியைக் கேட்காமல் விட்டுவிட்டார். நான் என்ன செய்ய?

செவ்வாயும் வெள்ளியும் வருவார். கதவைச் சாத்திவிட்டுத் தேய்ப்பேன். பூப் போலத் தேய்ப்பேன். உன் கல்யாணப் பேச்சுதான் முழுக்க. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பார்த்த கூறைப் புடவை என்ன நிறம், மண்டபத்துக்கு யாரைக் கொண்டு பூ கட்டுவது, எல்லாம் என்னிடம்தான் சொல்வார். வெளியில் சொல்ல அவருக்கு வேறு ஆளில்லை. எனக்கும் அப்படி ஒரு சிநேகம் கிடைத்ததில்லை.

ஆஸ்பத்திரித் தேதி அன்று காலையில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. உன் அம்மா இறங்கினார், கையில் ஒரு சின்னப் பெட்டி. உடுப்பு எடுத்து வைத்திருந்தார். டாக்சியை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"அக்கா, மனசு கேக்கேல்லை. போகவோ, விடவோ? நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

உண்மையாகவே ஒரு சொல்தான் கேட்டார். நான் எண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க மனசுக்கு என்ன படுதோ அதைச் செய்யுங்க டீச்சர். எண்ணெய் ஆறுது."

அவ்வளவுதான் சொன்னேன். எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது, அதனால் சொன்னேன். போகாதே என்று நான் சொல்லவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு வெளியே போய் டாக்சியை அனுப்பிவிட்டு, பெட்டியோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

என் விரலுக்குத் தெரியும், மீனா. முதலில் அது புளியங்கொட்டை மாதிரி இருந்தது. உன் கல்யாணம் நெருங்கும்போது எலுமிச்சை. அவர் முகத்தைப் பார்த்தால் எதுவும் சொல்ல மனசு வராது. "சூடு நல்லா ஏறுது டீச்சர்" என்பேன். ஏறத்தான் செய்தது.

உன் கல்யாணத்தில் அவர் நின்ற நிற்பை நினைத்துப் பார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. மெலிந்து அழகாகிவிட்டார் என்று உன் மாமியாரே சொன்னதை நான் முதல் பந்தியில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு குறை உண்டா உடம்பில்? ஒரு தழும்பு உண்டா? ஒருவர் வாயிலாவது அந்தப் பேச்சு வந்ததா? அதை யார் கொடுத்தது என்று நான் சபையில் எழுந்து சொல்லவில்லை. சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்கில்லை.

பங்குனியில் அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று அங்கே சத்தம் போட்டார்களாம். அவர் என் பேரைச் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் இல்லை. கடைசியில் நானும் ஒரு மைலோ டின் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன், நீ அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். குரலே இல்லை.

"உங்களுக்குக் கேட்டதே அக்கா. எனக்கு ஏன் கேக்கேல்லை?"

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி டீச்சர்" என்றேன்.

தலையாட்டினார். என்னைக் குறை சொல்லவே இல்லை. தன் உடம்பில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஒரு மனுசி.

டீ ஆறிவிட்டது, குடிக்கவே இல்லையே நீ. சரி. கட்டி என்ற சொல் எனக்கு ஏன் தோன்றியது என்று பிறகு சொல்கிறேன் என்றேன் இல்லையா?

பல வருசத்துக்கு முன்னால், எனக்குத்தான் வந்தது. இதோ, இடது பக்கம். அப்போது நானும் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கத்தி வைக்காமல் கரையணும், யாருக்கும் தெரியாமல் போகணும் என்று. எண்ணெய் என்னிடமே இருந்தது. ஒரு நாள் தேய்த்துப் பார்த்தேன். மறுநாள் புரிந்துவிட்டது. பழனிக்குப் போகிறேன் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஈப்போவுக்கு ரயில் ஏறினேன். அங்கே ஆஸ்பத்திரியில் என்னை ஒருவருக்கும் தெரியாது. வெட்டி எடுத்தார்கள். ஒரு மார்பு முழுசாக. ரவிக்கைக்குள் துணி மடித்து வைத்திருக்கிறேன், பார்த்தால் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. வரும்போது ஈப்போ கடையில் விபூதி வாங்கிக்கொண்டு வந்து, பழனிப் பிரசாதம் என்று கொடுத்தேன். அய்யாவு இன்றைக்கும் அதைக் கல்லாவில் வைத்துக் கும்பிடுகிறான்.

அப்படிப் பார்க்காதே, மீனா. யாருக்கும் தெரியாமல் கத்தி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வேற ஊர், ஒரு கோவில் பேர், ஒரு ரயில் டிக்கெட். நான் அறிந்த ஒரே வைத்தியம் அதுதான். டாக்சி வாசலில் நின்றபோது அதைச் சொல்லியிருக்கலாம். பெட்டிகூட கையிலேயே இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் என்னுடையது எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் என் எண்ணெயை எவள் வாங்குவாள்? செவ்வாயும் வெள்ளியும் யார் வருவார்கள்? நினைத்துப் பார்த்தால் எனக்கே சில சமயம் உடம்பு சிலிர்க்கும். எனக்குக் கட்டி வந்த காலத்தில் இந்தக் கம்ப்யூட்டர் இருந்திருந்து, நானும் தட்டியிருந்து, எவளோ ஒருத்தி வெள்ளையில் வெள்ளையாய் எழுதி வைத்திருந்தால் நான் இன்றைக்கு இருப்பேனா? நல்ல வேளை, என்னைக் காப்பாற்ற அப்போது கடவுள் மட்டும்தான் இருந்தார்.

இப்போது நீ ஒன்று சொல்லு எனக்கு. அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்து நீ சரியாக என்ன தட்டினாய்? கத்தி வைக்காமல் என்றா? கட்டி கரைய என்றா?

என்ன? கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்மா.

யாருக்கும் தெரியாமல்.

நினைத்தேன். விஜயன் இதைக் கேட்டிருக்க வேண்டும். அது நானே தேர்ந்தெடுத்த சொல். உன் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்றுதான் தட்டியிருப்பாய், அம்மா சொல்லித்தான் தட்டியிருப்பாய். நான் எழுதி வைத்தேன், அவ்வளவுதான். தட்டினது உன் விரல். அழாதே, குற்றமாகச் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அழக் கூடாது.

அதை எடுத்துவிடச் சொல்கிறாய். எடுத்துவிடலாம், ஒற்றை விரல் வேலை. ஆனால் எடுத்துவிட்டால் அது தப்பு என்று ஆகிவிடும் இல்லையா? உன் அம்மா ஒரு தப்பை நம்பிப் போனார் என்று ஆகிவிடும். அவருக்கு அந்தக் குறை வர நான் விடமாட்டேன். இருக்கட்டும் அது. யார் கண்ணுக்கும் தெரியவா போகிறது?

கிளம்பிவிட்டாயா? நில், வெறும் நெற்றியோடு போகாதே. குனி, விபூதி பூசிவிடுகிறேன். நீயும் உன் புருசனும் உன் அம்மா ஆசைப்பட்டபடி நிறைந்து வாழணும். உன் வீட்டு விளக்கு ஒரு நாளும் அணையக் கூடாது. வயிற்றில் இருக்கிறது பெண்ணாகப் பிறக்கட்டும், டீச்சரே வந்து பிறக்கட்டும். உனக்கும் அவளுக்கும் இப்படி ஒரு கட்டி கனவிலும் வரக் கூடாது. அப்படியே ஒருவேளை வந்துவிட்டால், மீனா, நாளைக் கடத்தாதே. எங்கேயும் தேடிக்கொண்டு நிற்காதே. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.